கூட்டுப் புருவம், ஜெர்மன் அப்பா, மெக்சிகோ பாவாடை: ஃப்ரிடா காலோ தன் முகத்தை ஏன் மாற்றிக்கொள்ளவே இல்லை?

காபி கப், மொபைல் கவர், டி-ஷர்ட், கஃபே சுவர்... எங்கேயாவது இந்த முகத்தைப் பார்த்திருப்பீர்கள். தலை நிறையப் பூ, நடுவில் பிரியாமல் சேர்ந்துகிடக்கும் கருப்புப் புருவம், நேராக உங்களையே பார்க்கும் கண்கள். அவர்தான் ஃப்ரிடா காலோ. மெக்சிகோ நாட்டு ஓவியர். இறந்து 70 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. முகம் மட்டும் இன்னும் ட்ரெண்டிங்கில் இருக்கிறது.

அந்தப் புருவம், பார்லரில் பத்து நிமிட த்ரெட்டிங்கில் போய்விடுகிற விஷயம். உதட்டுக்கு மேலே இருந்த பூனைமுடியும் அப்படித்தான். ஃப்ரிடா இரண்டையும் எடுக்கவில்லை. எடுக்காதது மட்டுமா? ஓவியத்தில் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகவே வரைந்தார்.

ஏன்? தன்னம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால், முழுப் பதிலும் அவருடைய குடும்பக் கதைக்குள் இருக்கிறது. கப்பல் ஏறி வந்த ஒரு அப்பா, பூர்வகுடி ரத்தமும் ஸ்பானிஷ் ரத்தமும் கலந்த ஒரு அம்மா, கடலுக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு பாட்டி. இவர்களைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் புருவம் புரியும்.

வில்ஹெல்ம், கியேர்மோ ஆன கதை

ஃப்ரிடாவின் அப்பா பிறந்தபோது அவர் பெயர் கார்ல் வில்ஹெல்ம் காலோ. ஊர், ஜெர்மனியில் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைம். நகைத் தொழிலுக்குப் பெயர் போன நகரம். 1891-ல், 19 வயதில் கப்பல் ஏறி மெக்சிகோ வந்து சேர்ந்தார். கையில் பெரிதாகப் பணம் இல்லை, ஸ்பானிஷ் மொழியும் சரளமாக வராது. வந்த இடத்தில் கடைகளில் வேலை பார்த்தார். வில்ஹெல்ம் என்கிற பெயரை அதற்குச் சமமான ஸ்பானிஷ் பெயரான கியேர்மோ என்று மாற்றிக்கொண்டார். அதன்பிறகு அவர் பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோக, 1898-ல் மெட்டில்டே கால்டெரோனைத் திருமணம் செய்துகொண்டார். மெட்டில்டேவின் அப்பா பூர்வகுடி வம்சாவளியைச் சேர்ந்தவர், தொழில் போட்டோகிராஃபி. அம்மா ஸ்பானிஷ் ராணுவத் தளபதி ஒருவரின் மகள். மாமனாரின் வழியாகத்தான் கியேர்மோவும் கேமராவைக் கையில் எடுத்தார்.

அதில் அவர் பெரிய ஆளாகவும் ஆனார். மெக்சிகோ சுதந்திரத்தின் நூற்றாண்டு 1910-ல் வர இருந்தது. அதையொட்டி நாட்டின் பழைய கட்டடங்களையும் தேவாலயங்களையும் படம் எடுத்து ஆவணப்படுத்தும் பணியை 1904-ல் அரசு அவரிடம் ஒப்படைத்தது. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒருவர், அந்த நாட்டின் அடையாளத்தைப் படம்பிடிக்கும் அரசுப் போட்டோகிராஃபராக மாறியிருந்தார். மகள் ஃப்ரிடாவைப் புரிந்துகொள்ள இது ரொம்ப முக்கியம். மெக்சிகோவை எப்படி ஊன்றிப் பார்ப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு வந்தேறியின் கண்.

1904-லேயே மெக்சிகோ சிட்டியின் கோயோகான் பகுதியில் கியேர்மோ ஒரு வீடும் கட்டினார். பிற்காலத்தில் நீல வண்ணம் பூசப்பட்டு, 'நீல வீடு' என்று உலகப் புகழ் பெற்ற வீடு இதுதான். இந்தத் தம்பதியின் நான்கு மகள்களில் மூன்றாவதாக, 1907 ஜூலை 6 அன்று ஃப்ரிடா பிறந்தார். 1910-ல் புரட்சி வெடித்து ஆட்சி கவிழ்ந்ததும், அரசு வேலைகள் நின்றுபோயின. வீட்டை அடமானம் வைக்கும் அளவுக்குக் கஷ்டம் வந்தது.

அப்பா செல்லம்

ஆறு வயதில் ஃப்ரிடாவுக்குப் போலியோ வந்தது. ஒன்பது மாதம் படுக்கை. எழுந்தபோது வலது கால் சூம்பியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்கு மரக்கால் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மெலிந்த காலில் இரண்டு மூன்று சாக்ஸ் மாட்டிக்கொண்டு போவார் அந்தச் சிறுமி.

கியேர்மோ மகளை வீட்டுக்குள் பொத்திவைக்கவில்லை. நீச்சல், சைக்கிள், கால்பந்து, மல்யுத்தம் என்று அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கனவிலும் கிடைக்காத விளையாட்டுகளில் இறக்கிவிட்டார். அவருக்குமே ஒரு உடல் பிரச்னை இருந்தது. வலிப்பு நோய். கேமராவோடு வெளியே போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போவார். நடுத்தெருவில் வலிப்பு வந்தால், அப்பாவைப் பார்த்துக்கொள்வதும், கேமராவை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் காப்பதும் ஃப்ரிடாவின் வேலை.

படம் எடுப்பது, கழுவுவது, டச்சிங் செய்வது, வண்ணம் தீட்டுவது எல்லாவற்றையும் அப்பாவிடமிருந்தே கற்றுக்கொண்டார். கியேர்மோவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. தன்னைத்தானே போட்டோ எடுத்துக்கொள்வார். செல்ஃபிக்கு நூறு வருடம் முன்பு, கேமரா முன்னால் நின்று, தன் முகத்தை நிதானமாக, சிரிப்பில்லாமல் பதிவு செய்த மனிதர். ஃப்ரிடாவின் ஓவியங்களில் இருக்கும் அந்த நேரான, அசையாத பார்வை எங்கிருந்து வந்தது என்று தேடினால், இந்தப் போட்டோக்களில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

வீட்டில் ஜெர்மன் புத்தகங்கள், ஒரு பியானோ, பீத்தோவன் இசை. அம்மா பக்கம் தீவிரக் கத்தோலிக்கம், பூஜை, தேவாலயம். இரண்டு உலகங்களும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன.

கண்ணாடி வந்தது எப்படி?

1922-ல் மெக்சிகோவின் மிகப் பெரிய பள்ளிகளில் ஒன்றான தேசிய ஆயத்தப் பள்ளியில் ஃப்ரிடா சேர்ந்தார். சுமார் 2,000 பேர் படித்த இடத்தில் பெண்கள் 35 பேர்தான். டாக்டர் ஆக வேண்டும் என்பது கனவு.

1925 செப்டம்பர் 17. பள்ளியிலிருந்து வீடு திரும்பும்போது அவர் வந்த பஸ்மீது டிராம் வண்டி மோதியது. பஸ்ஸின் இரும்புக் கைப்பிடிக் கம்பி அவருடைய இடுப்பைத் துளைத்துக்கொண்டு போனது. முதுகெலும்பு, தோள்பட்டை, இடுப்பெலும்பு என எல்லாம் உடைந்தன. ஏற்கெனவே சூம்பியிருந்த வலது காலில் மட்டும் 11 இடங்களில் முறிவு. வயது 18. டாக்டர் கனவு அங்கேயே முடிந்தது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க சுமார் 30 அறுவை சிகிச்சைகள் நடந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

மாவுக்கட்டுக்குள் அசையமுடியாமல் படுத்துக்கிடந்த மகளுக்காக அம்மா, படுத்தபடியே வரைய வசதியான ஒரு பலகையைச் செய்யச் சொன்னார். அப்பா தன் வண்ணப்பெட்டியைக் கொடுத்தார். கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடி பொருத்தப்பட்டது.

கண் திறந்தால் கண்ணாடி. கண்ணாடியில் தன் முகம். தினமும், மணிக்கணக்காக. வேறு மாடல் கிடையாது. இந்தச் சூழ்நிலையில் யாராக இருந்தாலும் ஒன்று அந்த முகத்தை வெறுத்திருப்பார்கள், இல்லையென்றால் அதோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்திருப்பார்கள். ஃப்ரிடா அதை வரைய ஆரம்பித்தார். 1926-ல் முதல் சுய உருவப்படம் வந்தது. வாழ்நாளில் அவர் வரைந்த ஓவியங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவருடைய முகம்தான்.

குடும்பப் போட்டோவில் ஒரு கோட்-சூட்

அதே 1926-ல் அப்பா எடுத்த குடும்பப் போட்டோ ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கால வழக்கப்படி உடுத்தியிருக்கிறார்கள். ஃப்ரிடா மட்டும் ஆண்கள் போடும் கோட், வெயிஸ்ட்கோட், டை. முடியை இழுத்து வாரி, தோரணையாக நிற்கிறார்.

இதைப் படம் எடுத்தவர் அவருடைய அப்பா என்பதைக் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கக் கட்டுப்பாடுகள் நிறைந்த ஒரு சமூகத்தில், 18 வயது மகள் ஆண் உடையில் வந்து நிற்கிறாள். அப்பா அவளை உள்ளே போய் மாற்றிக்கொண்டு வரச் சொல்லவில்லை. ஷட்டரை அழுத்தினார். ஊருக்குப் பொருந்தாத தோற்றம் ஒன்றுக்கு வீட்டுக்குள் கிடைத்த முதல் அங்கீகாரம் அது.

தெவானா உடை: அழகுக்கா, அரசியலுக்கா?

1929 ஆகஸ்ட் 21 அன்று, புகழின் உச்சியில் இருந்த சுவரோவியக் கலைஞர் டியேகோ ரிவேராவை ஃப்ரிடா திருமணம் செய்துகொண்டார். அவரைவிட 20 வயது மூத்தவர், ஆளும் மிகப் பெரிய உருவம். யானைக்கும் புறாவுக்கும் கல்யாணம் என்று ஃப்ரிடாவின் வீட்டிலேயே பேசிக்கொண்டார்களாம்.

இந்தக் காலகட்டத்திலிருந்துதான் இன்று எல்லோருக்கும் தெரிந்த ஃப்ரிடாவின் தோற்றம் உருவாகிறது. நீளமான, அடுக்கடுக்கான பாவாடை. எம்ப்ராய்டரி போட்ட, சதுரமாக வெட்டிய ரவிக்கை. தோளில் ரெபோசோ எனப்படும் சால்வை. பின்னலைத் தலையைச் சுற்றிக் கட்டி, அதில் ரிப்பனும் பூவும். கழுத்தில் கனமான கல் மாலைகள்.

இது தெற்கு மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தில், தெவாந்தெபெக் பகுதிப் பெண்களின் உடை. அந்தப் பகுதிச் சந்தைகளை நடத்துவது பெரும்பாலும் பெண்கள்தான். தைரியமான, கையில் காசு புழங்கும் பெண்கள் என்று அவர்களுக்கு நாடு முழுக்கப் பெயர். ஃப்ரிடாவின் அம்மா குடும்பத்துக்கும் ஒஹாகாவோடு தொடர்பு உண்டு.

உடைக்குப் பின்னால் ஒரு நாட்டு நிலவரமும் இருந்தது. 1910 புரட்சிக்கு முன், மெக்சிகோ மேல்தட்டினர் பாரிஸ் ஃபேஷனைப் பார்த்து உடுத்திக்கொண்டிருந்தார்கள். புரட்சிக்குப் பிறகு காற்று திசை மாறியது. ஐரோப்பிய ரத்தமும் பூர்வகுடி ரத்தமும் கலந்ததுதான் உண்மையான மெக்சிகோ என்ற எண்ணம் அரசின் கல்விக் கொள்கையிலேயே வந்தது. பூர்வகுடி உடை அணிவது படித்த நகரத்துப் பெண்களிடையே ஒரு அரசியல் அறிக்கை மாதிரி ஆனது.

நடைமுறைக் காரணமும் இருந்தது. நீளப் பாவாடை சூம்பிய காலை மறைக்கும். தளர்வான ரவிக்கை, முதுகைத் தாங்கும் இரும்பு, பிளாஸ்டர் கோர்செட்டுகளுக்கு மேல் சிரமமில்லாமல் உட்காரும். பூவும் நகையும் பார்ப்பவர் கண்ணை முகத்துக்கு இழுத்துவிடும். அடையாளம், அரசியல், உடல் வலி மூன்றையும் ஒரே உடையில் சமாளித்தார்.

1930-ல் கணவரோடு அமெரிக்கா போனபோது சான் பிரான்சிஸ்கோ தெருவில் ஆட்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள் என்று புகைப்படக் கலைஞர் எட்வர்டு வெஸ்டன் தன் டைரியில் எழுதிவைத்தார். அங்கே அவர் ஒரு அந்நியப் பெண். அதை மறைக்க ஒரு கவுன் போதுமாக இருந்திருக்கும். அவர் பாவாடையை மாற்றவில்லை.

இதில் ஒரு விமர்சனமும் உண்டு. ஃப்ரிடா பூர்வகுடிக் கிராமத்தில் வளர்ந்தவர் இல்லை. நகரத்தில், போட்டோகிராஃபர் வீட்டில் வளர்ந்தவர். ஏழைப் பூர்வகுடிப் பெண்களுக்கு அன்றாட உடையாக இருந்ததை, அவர் விருப்பப்பட்டு எடுத்துக்கொண்டார். அதனால் அவருக்குப் புகழ் கிடைத்தது, அந்தப் பெண்களின் வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் இன்றும் எழுப்புகிறார்கள். நியாயமான கேள்விதான்.

சிவப்பு ரிப்பனும் ஒரு பாட்டியின் புருவமும்

1936-ல் ஃப்ரிடா வரைந்த ஒரு சின்ன ஓவியம்தான் இந்தக் கதையின் மையம். பெயர், 'என் தாத்தா பாட்டிகள், என் பெற்றோர், நான்'. நீளமும் அகலமும் ஏறத்தாழ ஓரடிதான் இருக்கும். இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோயோகான் வீட்டு முற்றத்தில், உடையில்லாமல், இரண்டு மூன்று வயதுக் குழந்தையாக ஃப்ரிடா நிற்கிறார். கையில் ஒரு சிவப்பு ரிப்பன். அந்த ரிப்பன் மேலே போய், கல்யாணக் கோலத்தில் இருக்கும் அப்பா அம்மாவைச் சுற்றி, அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து நான்கு தாத்தா பாட்டிகளையும் தொடுகிறது. இடதுபக்கம் அம்மாவின் பெற்றோர். அவர்களுக்குக் கீழே மெக்சிகோவின் மலையும் மண்ணும். வலதுபக்கம் அப்பாவின் பெற்றோர். அவர்களுக்குக் கீழே கடல்.

அந்த வலதுபக்கத்துப் பாட்டியை ஜூம் செய்து பாருங்கள். அடர்த்தியான, சேர்ந்துகிடக்கும் புருவம்! நம்ம ஊரில் சொல்கிற மாதிரி, பேத்தி பாட்டியை உரித்து வைத்திருக்கிறாள். கேலி செய்ய வாய்ப்புள்ள ஒரு அடையாளம், இந்த ஓவியத்தில் குடும்பச் சொத்தாகிவிட்டது. அதைப் பிடுங்கினால் முடியோடு சேர்த்து அந்தப் பாட்டியையும் படத்திலிருந்து எடுத்துவிட்ட மாதிரி.

இது வரையப்பட்ட வருடத்தையும் கவனியுங்கள். 1935 செப்டம்பரில் ஹிட்லரின் ஜெர்மனி நியூரம்பர்க் சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒருவருடைய நான்கு தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் யூதர்கள் என்று பார்த்து, அவர் குடிமகனா இல்லையா, யாரைக் கல்யாணம் செய்யலாம் என்பதைத் தீர்மானித்த சட்டம் அது. ரத்தத்தில் கலப்பு இல்லை என்று நிரூபிக்க ஜெர்மனியில் மக்கள் குடும்ப மரம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடம், ஒரு ஜெர்மன்காரரின் மகள் அதே நான்கு தாத்தா பாட்டிகளை வைத்து ஒரு குடும்ப மரம் வரைகிறார். அவர்கள் சுத்தம் என்று சொன்னதற்குப் பதிலாக, இவர் தன் கலப்பை எடுத்துக் காட்டுகிறார். மண் பாதி, கடல் பாதி. நாஜிகளின் படிவத்துக்கு ஃப்ரிடா கொடுத்த பதில் என்றே பல கலை வரலாற்றாய்வாளர்கள் இதைப் படிக்கிறார்கள்.

இதே காலகட்டத்தில்தான் தன் பெயரின் எழுத்தையும் மாற்றினார். அதுவரை ஜெர்மன் வழக்கப்படி ஒரு 'ஈ' சேர்த்து எழுதிவந்த பெயரில் அந்த எழுத்தை விட்டுவிட்டார். அப்பாவை விடவில்லை, அப்பாவின் நாட்டைப் பிடித்துக்கொண்டவர்களிடமிருந்து விலகினார்.

ஆனால், எல்லாமே உண்மையா?

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். அப்பாவின் குடும்பம் ஹங்கேரி யூத வம்சாவளி என்று ஃப்ரிடா பல வருடங்களாகச் சொல்லிவந்தார். புத்தகங்களும் அப்படியே எழுதின. ஆனால் 2005-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இருவர் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். காலோ குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஜெர்மன் புராட்டஸ்டன்ட் குடும்பம் என்பதுதான் அதில் தெரியவந்தது.

பிறந்த வருடத்தையும் அவர் மாற்றிச் சொன்னார். 1907-ல் பிறந்தவர், 1910 என்று சொல்லிக்கொண்டார். மூன்று வயது குறைத்துக் காட்டும் ஆசை இல்லை அது. 1910 மெக்சிகோ புரட்சி தொடங்கிய வருடம். புதிய மெக்சிகோவோடு சேர்ந்து பிறந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள விரும்பினார்.

அப்போ, அவர் பொய் சொன்னாரா? நேராகப் பதில் சொன்னால், ஆமாம். வம்சாவளியைத் தனக்குப் பிடித்த மாதிரி எடிட் செய்திருக்கிறார். ஆனால் எந்தப் பக்கம் எடிட் செய்தார் என்பதும் முக்கியம். யூதர் என்ற அடையாளம் ஐரோப்பாவில் உயிருக்கே ஆபத்தாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. மெக்சிகோவில் வாழ்ந்த ஜெர்மானியர்களிலும் நாஜி ஆதரவாளர்கள் இருந்தார்கள். பலர் பாதுகாப்புக்காகப் பரம்பரையை மறைத்த நேரத்தில், இவர் ஒடுக்கப்படுபவர்கள் பக்கம் போய் நின்றுகொள்வதற்காகப் பரம்பரையை மாற்றிக்கொண்டார். இதைப் பெருமையாகப் பார்ப்பதா, இன்னொரு சமூகத்தின் துயரத்தைக் கடன் வாங்கியதாகப் பார்ப்பதா? இரண்டு வாதமும் இருக்கிறது.

ஒன்று மட்டும் தெளிவு. பரம்பரைப் பெருமை என்பது கையில் கிடைத்ததை அப்படியே சுமப்பது என்று ஃப்ரிடா நினைக்கவில்லை. எதைத் தூக்கிப்பிடிப்பது, எதை விடுவது என்பதை அவரே முடிவு செய்தார்.

இரண்டு ஃப்ரிடாக்கள்

ரிவேராவோடு வாழ்ந்த வாழ்க்கை நிம்மதியானதாக இல்லை. இரண்டு பக்கமும் வேறு உறவுகள், சண்டைகள். 1932-ல் டெட்ராய்ட்டில் கரு கலைந்தது. அதே வருடம் அம்மா இறந்தார். 1939-ல் விவாகரத்து.

அந்த வருடம் வரைந்ததுதான் 'இரண்டு ஃப்ரிடாக்கள்'. ஐந்தரை அடிக்கு மேல் உயரமும் அகலமும் உள்ள பெரிய ஓவியம். ஒரு பெஞ்சில் இரண்டு ஃப்ரிடாக்கள் கைகோர்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஐரோப்பிய பாணி வெள்ளை கவுன். இன்னொருவருக்குத் தெவானா பாவாடை. இருவர் இதயமும் வெளியே தெரிகிறது. ஒரே ரத்தக்குழாய் இரண்டையும் இணைக்கிறது. ஐரோப்பிய ஃப்ரிடாவின் மடியில் ரத்தம் சொட்டுகிறது.

அப்பாவின் உலகம் ஒன்று, அம்மாவின் உலகம் ஒன்று. மூன்று வருடம் முன்பு குடும்ப மரத்தில் சுலபமாக ஒரே ரிப்பனில் கட்டியவை, இங்கே வலியோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கலப்பு அடையாளம் எப்போதும் கொண்டாட்டமாகவே இருக்காது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் கையை விடவில்லை.

அடுத்த வருடம் ஒரு சுய உருவப்படத்தில் தெவானா உடையே காணோம். பெரிய அளவு ஆண் சூட், ஒட்ட வெட்டிய முடி, கையில் கத்தரிக்கோல், தரையெல்லாம் சிதறிக்கிடக்கும் கூந்தல். ரிவேராவுக்குப் பிடித்தவை என்று பேர் வாங்கிய நீளக் கூந்தலும் பாவாடையும் போய்விட்டன. புருவம் மட்டும் அப்படியே இருக்கிறது. 1940 டிசம்பரில் இருவரும் மறுபடியும் திருமணம் செய்துகொண்டார்கள் என்பது தனிக்கதை.

ஐப்ரோ பென்சில் சொல்லும் ரகசியம்

ஃப்ரிடா இறந்தபிறகு, நீல வீட்டில் அவருடைய பொருள்களை ரிவேரா பூட்டிவைக்கச் சொன்னார். அந்தப் பூட்டு 2004-ல்தான் திறந்தது. சுமார் 300 உடைகள், நகைகள், மருந்துகள், கோர்செட்டுகள், மேக்கப் சாமான்கள் என்று உள்ளே ஒரு வாழ்க்கையே இருந்தது. 2018-ல் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவற்றில் பலவும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

அதில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது ஒரு ரெவ்லான் ஐப்ரோ பென்சில்.

ஆமாம். மேக்கப்பே போடாத இயற்கை அழகி என்று பலர் நினைத்திருந்த ஃப்ரிடா, அந்தப் புருவத்தைப் பென்சிலால் இன்னும் கருப்பாக்கியிருக்கிறார். லிப்ஸ்டிக், ரூஜ், நெயில்பாலிஷ், சென்ட் எல்லாமே அங்கே இருந்தன. அழகுசாதனத்துக்கு அவர் எதிரி கிடையாது. மற்றவர்கள் மறைக்கப் பயன்படுத்தியதை, அவர் எடுத்துக்காட்டப் பயன்படுத்தினார். போட்டோவில் மெல்லிசாகத் தெரியும் உதட்டு முடி, ஓவியத்தில் தெளிவாகத் தெரிவதும் இதே கணக்குதான்.

அப்பாவுக்கு ஒரு படம்

கியேர்மோ 1941-ல் இறந்தார். பத்து வருடம் கழித்து, 1951-ல், ஃப்ரிடா அவரை வரைந்தார். அப்போது அவருடைய உடல்நிலை மிக மோசம். முந்தைய வருடத்தின் பெரும்பகுதியை ஆஸ்பத்திரியில் கழித்திருந்தார்.

படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் அவருடைய கேமரா. கீழே எழுத்துகள். 60 வருடம் வலிப்பு நோயோடு வாழ்ந்தும் வேலையை நிறுத்தாத, ஹிட்லரை எதிர்த்த, தாராள மனசுக்காரர் என்று அப்பாவைப் பற்றி எழுதி, மகள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில் அவரை ஹங்கேரிய-ஜெர்மன் வம்சத்தவர் என்றே குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் கதையைக் கடைசிவரை விடவில்லை.

1953 ஏப்ரலில், சொந்த நாட்டில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. எழுந்து நடக்கக் கூடாது என்றார்கள் டாக்டர்கள். கட்டிலை முன்கூட்டியே கண்காட்சிக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஆம்புலன்ஸில் போய் இறங்கினார். முழு அலங்காரத்தோடு கட்டிலில் படுத்தபடியே விருந்தினர்களை வரவேற்றார். அதே வருடம் ஆகஸ்டில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. செயற்கைக்காலுக்கு எம்ப்ராய்டரி போட்ட சிவப்பு பூட்ஸ் செய்துகொண்டார், அதில் சின்னச் சின்ன மணிகளும் வைத்து! 1954 ஜூலை 13 அன்று, 47 வயதில் இறந்தார். நீல வீடு 1958-ல் அருங்காட்சியகமானது.

பொம்மைக்கு ஏன் புருவம் இல்லை?

2018-ல் மேட்டல் நிறுவனம் ஃப்ரிடாவின் பெயரில் ஒரு பார்பி பொம்மை கொண்டுவந்தது. பூ இருந்தது, பாவாடை இருந்தது. புருவம் மட்டும் நடுவில் பிரிந்து, பட்டும்படாமல் இருந்தது. இடுப்பு மெலிந்திருந்தது. குடும்பத்தினர் எதிர்ப்புத் தெரிவித்து நீதிமன்றம் போனார்கள். மெக்சிகோவில் அந்தப் பொம்மையை விற்க நீதிமன்றம் தடை போட்டது.

வழக்கின் மையம், பெயரையும் முகத்தையும் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதுதான். ஆனால் பொதுவெளியில் கோபத்தைக் கிளப்பியது அந்தப் புருவம். ஃப்ரிடாவைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, அவர் வாழ்நாள் முழுக்கச் செய்ய மறுத்த த்ரெட்டிங்கைப் பொம்மைக்குச் செய்துவிட்டார்கள்.

2025 நவம்பரில் அவருடைய 1940-ம் வருட ஓவியம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 5 கோடியே 47 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு பெண் ஓவியரின் படைப்புக்கு ஏலத்தில் கிடைத்த அதிகபட்ச விலை அதுதான். விலை ஏற ஏற, அந்த முகம் எதற்காக அப்படி இருந்தது என்பது மட்டும் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

கலர், மூக்கு, முடி, ஊர், சாதி, பேச்சு வழக்கு என்று எதையாவது கொஞ்சம் மறைத்தால்தான் வேலையிலும் கல்யாண மார்க்கெட்டிலும் மதிப்பு என்று நினைக்கிற இடத்தில் ஃப்ரிடாவின் வாழ்க்கைக்கு ஒரு பயன் இருக்கிறது. எல்லோரும் த்ரெட்டிங்கை நிறுத்த வேண்டும் என்பது அதன் பாடம் கிடையாது. அவரே பென்சில் வைத்திருந்தவர்தான். கண்ணாடியில் தெரிகிற ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டபிறகு, வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று முடிவு செய்யலாம். அந்த வரிசையைத்தான் அவர் தலைகீழாக்க விடவில்லை.